காக்கையார் போட்ட கையெழுத்து

கோர்ட்டு வாசல் வேப்பமரத்தில் காக்கையார் நோட்டரியாக இருந்தார். நீட்டிய நகலிலெல்லாம் முத்திரை குத்தி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தள்ளிக்கொண்டே இருப்பார். அவர் ஒரிஜினலை வாங்கிப் பார்த்ததாக அந்த வட்டாரத்தில் யாருக்கும் நினைவில்லை.

ஒருநாள் ஒரு குயில் முட்டையோடு வந்தது.

"சார், இது காக்கா முட்டையோட உண்மை நகல். அட்டெஸ்ட் பண்ணித் தாங்க."

"ஒரிஜினல் எங்கம்மா?"

"உங்க வீட்டுலதான் சார் இருக்கு. ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடுங்களேன்."

காக்கையார் எட்டிப் பார்த்தார். வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது.

"இதுக்காக நான் வீட்டுக்குப் போய் வரணுமா? நல்ல கதையா இருக்கே!" என்று முத்திரையைக் குத்தி, "அடுத்தது!" என்றார்.

சாயங்காலம் கூட்டுக்குத் திரும்பியதும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, காலையில நாலு முட்டைதான் இருந்துச்சு. தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள அஞ்சாயிருக்கு. இது மட்டும் சின்னதா, வேற மாதிரி இருக்கு. உருட்டி விட்டுடட்டுமா?"

காக்கையார் முட்டையைப் புரட்டினார். அடியில் வட்ட முத்திரை. 'மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது.' அதன்கீழே பச்சை மையில் அவருடைய கையெழுத்து.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்ம முட்டைதான். நல்லாப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டிருக்கேன்!"

"அப்படியா?" என்று மனைவி எழுந்து சிறகை உதறினாள். "அப்ப நீங்களே உட்கார்ந்து அடைகாத்துக்கோங்க."