பட்டியலில் இல்லாத பொருள்

தைபே ஏற்றுமதி அனுமதி அலுவலகத்தில் காலையிலிருந்தே கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால், அதிகாரி பெங் ஷூ-ஹுவா எல்லாவற்றையும் கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

"பெட்டியில என்ன?"

"கம்ப்யூட்டர் சிப் செய்யிற மெஷினுக்கு வேண்டியது மேடம்," என்றார் பொறியாளர் லியாவ். "ஏற்றுமதித் தடை வர்றதுக்கு முன்னாடியே மெஷின் வெளிநாட்டுக்குக் கப்பலேறிடுச்சு. அங்க பாதி நாள் மக்கர் பண்ணுதாம். ஏமாத்திட்டோம்னு வாங்கினவங்க எங்களைத் திட்டுறாங்க."

"இதைப் பொருத்தினா ஓடுமா?"

"பொருத்த வேண்டாம். மேல வெச்சாப் போதும். பச்சை நிறம்தான் வைக்கணும், கெடு தேதி தாண்டக்கூடாது."

"தடைப் பட்டியல்ல இருக்கா?"

"இல்ல மேடம்."

"நிஜமாவே வேலை செய்யுதா?"

"எங்க ஆலையில எல்லா மெஷின் மேலயும் இருக்கு. எடுத்துப் பார்க்க ஒருத்தருக்கும் தைரியம் இல்ல."

பெங் பெட்டியைத் திறந்தார். உள்ளே பச்சைப் பொட்டலங்களில் தேங்காய் வாசனையோடு சோளப்பொரி; மேலே வைத்தால் எந்த மெஷினும் மக்கர் பண்ணாது என்று ஊரே நம்பும் தீனி.

லியாவ் நெளிந்தார். "தீனிதானே மேடம்..."

பெங் சிரிக்கவில்லை. "சிப் மெஷினை ஓட வைக்கிற எதுவும் நாட்டை விட்டுப் போகக்கூடாது. அதான் விதி." 'அனுமதி மறுப்பு' முத்திரை விழுந்தது.

பெட்டியைத் தூக்கிய லியாவை அவரே நிறுத்தினார். தன் கம்ப்யூட்டர் மேலிருந்த பச்சைப் பொட்டலத்தை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"ஒண்ணு குடுத்துட்டுப் போங்க. இதோட கெடு தேதி நேத்தோட முடிஞ்சிடுச்சு."