ஆயுள் சந்தா

“ஆயுள் சந்தாவா? ஜிம்முக்கா?”

பரிபூரணம் சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“மாசச் சந்தா முப்பது ரூவா. வருஷத்துக்குன்னா முந்நூறு. ஆயுள் சந்தா ஆயிரத்தைநூறு. அதையே கட்டிட்டேன்” என்றான் எலியேசர், தட்டை இழுத்து வைத்துக்கொண்டே.

“அம்புட்டுப் பணத்துக்கு எங்க போனீக?”

“போனஸ் வந்துச்சுல்ல.”

அவன் வேலை பார்ப்பது ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி யூனிட்டில். மொத்தமாகக் கையில் பணம் வருவது போனஸ் சமயத்தில் மட்டும்தான். இந்த வருஷ போனஸ் மகன் கிதியோனின் ஆப்பரேஷனுக்கு என்று அவள் எப்போதோ சொல்லி வைத்திருந்தாள். பிள்ளைக்கு நாலு வயசு. வாய் ஓயாமல் பேசுவான். ஆனால் பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே பலமில்லை. மதுரை டாக்டர் கத்தியை வைத்தால் நடந்துவிடுவான். அந்த நம்பிக்கையில்தான் அவளுக்கு ராத்திரித் தூக்கமே வந்தது.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் தம்பி பால்துரைக்குப் புரையேறியது.

“அத்தான், பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டுவாக, கேள்விப்பட்டிருக்கேன். தண்டால் எடுக்கவா கட்டுவாக? ஸ்ரீவில்லிபுத்தூருல ஆணழகன் போட்டியாம். பேரு குடுத்துரவா?”

“குடு. போட்டோவக் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லு.”

“போட்டோவுல எலும்பு விழும், பரவாயில்லையா?”

பரிபூரணத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

“ரெண்டு மாசமா மாசக் காசு கட்டிப் போனீக. முட்டை கேட்டீக, அவிச்சுக் குடுத்தேன். ஒரு வார்த்தை சொன்னேனா? இப்ப பிள்ளை காலுக்கு வச்சிருந்த பணத்தையும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்து நிக்கீகளே. மழைக்குப் பொறவு டாக்டரு மதுரைக்கு வரச் சொன்னாருன்னு நீங்கதான சொன்னீக?”

“போவோம்.”

“எதை வச்சு?”

எலியேசர் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜிம்முக்கே போய்விட்டாள். சைக்கிள் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. கான்வென்ட்டில் படித்தவள். சிஸ்டர்மாரிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகப் பேசி மிச்சப் பணத்தை வாங்கிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தாள்.

“ஏலே, பொம்பள ஆளு வாராக! சட்டையப் போடுங்கலே!”

உள்ளே தடபுடல். ஜிம் நடத்துகிற சங்கையா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“அண்ணாச்சி, நான் எலியேசர் வீட்டுல. அவுக கட்டின பணத்துல ஒரு வருஷத்துக்கு உள்ளதை எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் தந்துருங்க. பிள்ளை ஆப்பரேஷனுக்கு வேணும்.”

“நானும் வருஷமே ஜாஸ்தின்னு சொன்னேன் தங்கச்சி. இங்க வாரவன்ல முக்காவாசிப் பேரு மூணாம் மாசம் நின்னுருவான். ஒரேயடியாக் கட்டிட்டுப் பொறவு வருத்தப்படாதீரும்னேன். கேக்கல.” அவர் பிள்ளையைப் பார்த்தார். “ஆனா ஆப்பரேஷன் செஞ்சும் பிரயோஜனமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னுல்ல…”

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

பரிபூரணத்தின் கை பிள்ளையை இறுக்கியது. “யாருட்ட சொன்னாரு?”

“எலியேசருட்டதான். மதுரை ஆஸ்பத்திரியில நீங்க உள்ள பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கிட்டு இருந்தீகளாம். அவரை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னாராம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சு வாய விட்டுட்டேன் தங்கச்சி.”

அவள் அவர் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள்.

கண்ணாடிக்கு முன்னால் நாலைந்து பேர் இரும்பைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். எலியேசர் அங்கே இல்லை. கடைசி மூலையில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு மணல் மூட்டை.

“இரும்பைத் தொடவே மாட்டேங்காரு” என்றார் சங்கையா, குரலைத் தாழ்த்தி. “அந்த மூட்டை ஒண்ணுதான். தூக்கணும், பத்து எட்டு நடக்கணும், நோகாம இறக்கணும். அதை மட்டும் சொல்லிக் குடுங்கன்னாரு. அப்பப்ப ரெண்டு கை மணலக் கூடப் போட்டுக்கிடுதாரு.”

எலியேசர் ஒரு கையை மூட்டைக்கு அடியில் கொடுத்தான். மறுகையை அதன் முதுகில் வைத்து அணைத்தான். மெல்ல எழுந்தான். கழுத்தைக் கொஞ்சம் ஒதுக்கி, தோளில் ஒரு தலை சாய இடம் விட்டுக்கொண்டு நடந்தான்.

“அப்பா!” என்று கத்தினான் கிதியோன்.

எலியேசர் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்தான். சங்கையா தலையைக் குனிந்துகொண்டதையும் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. மூட்டையைப் பதனமாகத் தரையில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தான்.

டாக்டரைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள்.

“வருஷச் சந்தா பத்தாதா?” என்றாள்.

“எப்படிட்டி பத்தும்? அவன் வளந்துக்கிட்டே இருப்பான்ல.”