கோசு வயலில் இங்கிலீஷ்

இங்கிலாந்தில் ஒரு லிங்கன்ஷயர் முட்டைக்கோசு வயலில் மழை விட்டு, சேற்றில் வெயில் மினுங்குகிறது. ருமேனியக் கூலிக்காரர்கள் வரப்பில் உட்கார்ந்து ரொட்டி தின்கிறார்கள். அவர்களில் ஒருவனான கவ்ரிலுக்கு டிராக்டர் ஓட்டும் வேலை வேண்டுமானால் முதலாளியிடம் இங்கிலீஷில் பேசியாக வேண்டும். பெண்டாட்டி சாஃப்தா சொல்லிக்கொடுக்கிறாள். “‘புட்’டுன்னா வைக்கிறது. ‘புட் அப் வித்’துன்னா?” அவன் தலையைச் சொறிகிறான். “இருபது வருஷமா உன் குறட்டையைச் சகிச்சுக்கிட்டுக் கிடக்கேன்ல, அதுதான்யா!” வாயில் ரொட்டியோடு எல்லாரும் சிரிக்கிறார்கள். முதலாளி வந்து நிற்கிறார். “மழையிலயும் ஓட்டுவியா?” கவ்ரில் கண்ணை மூடி ஒரு குறட்டை விடுகிறான். பெண்டாட்டியைக் காட்டி, “புட் அப் வித்” என்கிறான். வானத்தைக் காட்டுகிறான், தன் நெஞ்சைத் தட்டுகிறான். “நானும் புட் அப் வித்!” முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே சாவியை எறிகிறார். “மானத்தை வாங்கிட்டியே, பாவி!” சாஃப்தா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, அப்படியே கட்டிக்கொள்கிறாள்.