குழாய் மடங்கக் கூடாது

நெஞ்சில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததுமே டாக்டர் தாமோதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குடோனில் நெஞ்சில் குத்துப்பட்டுக் கிடந்த காளிராஜை அவன் தம்பிமார் மூன்று பேரும் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருந்தார்கள். பேண்டேஜ் கம்பெனி நடத்துகிற குடும்பம். கம்பெனித் துணி மொத்தத்தையும் அண்ணன் நெஞ்சிலேயே சுற்றிவிட்டார்கள். போதாததற்கு நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் பிளாஸ்திரி வேறு.

"நம்ம சரக்குதான் சார், எக்ஸ்போர்ட் குவாலிட்டி. ஒரு சொட்டு ரத்தம் வெளிய வரல பாருங்க," என்றான் மூத்த தம்பி, அழுகைக்கு நடுவிலும் பெருமையாக.

ரத்தம் வரவில்லைதான். காற்றும் வரவில்லை. கிழிந்த நுரையீரலிலிருந்து கசிந்த காற்று வெளியேற வழியில்லாமல் நெஞ்சுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. காளிராஜின் கழுத்து நரம்பு புடைத்து, மூச்சுக்குழல் ஒரு பக்கமாக ஒதுங்கி, உதடு நீலமாகிவிட்டது.

எக்ஸ்ரே எடுக்கட்டுமா என்று நர்ஸ் ஹெப்சிபா கேட்டாள். படம் வருவதற்குள் ஆளே படமாகிவிடுவான் என்றார்.

பிளாஸ்திரியைப் பிய்த்தார். புஸ்ஸென்று காற்று வந்தது.

ஊருக்கெல்லாம் கட்டுத்துணி விற்கிறான்கள், ஒருத்தனுக்கும் கட்டத் தெரியவில்லை. இவன்களுக்கு மனிதனும் சரக்கு மூட்டையும் ஒன்றுதான். இறுக்கிக் கட்டினால் வேலை முடிந்தது.

அக்குளுக்குக் கீழே விலா இடுக்கில் குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார். குமிழிகள் கிளம்பின. காளிராஜுக்கு மூச்சு திரும்பியது.

திரும்பியதும் டாக்டரின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

பேசாமல் கிட என்று அதட்டினார். பிழைத்த மறுநிமிடமே எல்லாருக்கும் கதை சொல்ல ஆசை வந்துவிடுகிறது. யார் குத்தினார்கள் என்பதைப் போலீஸ் கேட்டுக்கொள்ளட்டும்.

குழாய் வழியே ரத்தம் நிற்காமல் வந்தது. மதுரைக்குப் போய் நெஞ்சைத் திறந்தால்தான் ஆள் தேறுவான். கிடைத்தது ஒரு தனியார் ஆம்புலன்ஸ், அதில் டிரைவர் மட்டும். இருக்கிற ஒரே நர்ஸை அனுப்ப முடியாது.

தம்பிமார் ஏறப் போனார்கள். அழுகிற பயல் எவனும் ஏறக் கூடாது என்றார். பாட்டிலைப் பிடிக்கக் கை நடுங்காத ஆள் வேண்டும்.

வந்த கூட்டத்தில் அழாமல் நின்றது காளிராஜின் மனைவி நாகஜோதி ஒருத்திதான். அவளைக் கூப்பிட்டார். முன்கை நெடுகப் பழைய சூட்டுத் தழும்புகள். அடுப்படியில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பாட்டிலை நெஞ்சுக்கு மேலே தூக்கக் கூடாது, குழாய் மடங்கக் கூடாது என்று சொன்னார்.

"மடங்கிட்டா என்ன ஆகும் சார்?"

அன்றைக்குக் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. டாக்டருக்கு மனசு குளிர்ந்தது. காற்று உள்ளேயே அடைத்துக்கொள்ளும், பழையபடி உதடு நீலமாகும், மதுரை வரை தாங்க மாட்டான் என்று நிதானமாக விளக்கினார். ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள்.

இவளுக்கு இருக்கிற புத்தியில் பாதி அந்தத் தடியன்களுக்கு இருந்திருக்கலாம்.

ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது காளிராஜ் தலையைத் தலையை ஆட்டினான். வலிக்கும்தான். டாக்டர் கண்டுகொள்ளாமல் பின்கதவைச் சாத்தினார்.

வண்டி போனதும் தம்பிமாரை வராந்தாவில் நிற்கவைத்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். கட்டுப் போடுவதைப் பற்றி அவர் பேசி முடித்தபோது கான்ஸ்டபிள் சமுத்திரம் வந்து சல்யூட் வைத்தான்.

"கம்பெனி கேமராவப் பாத்துட்டு வாரேன் சார். குத்துனது அவரு சம்சாரந்தான். அந்தம்மாவ மட்டும் செத்த நேரம் வெளிய அனுப்புங்க."

டிரைவர் நம்பர் யாரிடம் இருக்கிறது என்று டாக்டர் கேட்டார்.

வண்டி அதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியிருக்கும். தம்பிமார் மூன்று பேரும் அழுகையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்கள்.