உதறாத மடி

"என் கேமராவை எடுத்தவ யாருன்னு தெரியாம ஒருத்தியும் வாசலைத் தாண்டக் கூடாது! திருட்டுக் கூட்டம்!"

ஜெகதீஷ் போட்ட சத்தத்தில், ஏலக்காய் குடோனில் கடைசி முறத்துக் காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் வெலவெலத்துப் போனார்கள்.

அவர் மனைவி தமிழ்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போடியில் நாலு காசு பார்த்தவர்கள் நிலம் வாங்குகிறார்கள், வீடு கட்டுகிறார்கள். இந்த மனுஷனுக்கு மட்டும், ஜப்பான்காரன் என்றைக்கோ செய்து அவனே மறந்துபோன குட்டிக் கேமராக்கள் வேண்டும். ஆபீஸ் ரூம் அலமாரி நிறைய தீப்பெட்டி சைசில் அடுக்கியிருக்கிறார். காணாமல் போனது இருப்பதிலேயே பொடிசு. கோட்டுப் பொத்தான் மாதிரி வட்டமாக இருக்கும்.

"எங்க வச்சீங்க?"

"அலமாரியிலதான். காலையில செல்போன் குரூப்புல போட அதைப் போட்டோ எடுத்தேன், திரும்ப வச்சுட்டேன்."

"அதுல படம் விழுமா?"

"விழாது."

"அப்புறம் எதுக்குங்க இந்த ஆட்டம்?"

"அதோட அருமை உனக்குத் தெரியாது. சும்மா இரு!"

வேலை முடிந்து கிளம்பும்போது மடியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுப் போவது அங்கே தினப்படி வழக்கம். ஒரு காய்கூட வெளியே போய்விடக் கூடாதாம். இன்றைக்கு ஜெகதீஷே வாசலில் நின்றார். ராக்கு உதறினாள். செல்லக்கிளி உதறினாள்.

ஒச்சம்மாள் மட்டும் மடியைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"உதறு."

"மாட்டேன், மொதலாளி."

"பாத்தியா தமிழு, ஆள் சிக்கியாச்சு!"

தமிழ்செல்வியின் எரிச்சல் இப்போது ஒச்சம்மாள் பக்கம் திரும்பியது. எத்தனை வருஷமாக நம்பிய பொம்பளை!

"என்னக்கா இது? உதறிட்டு வெரசா சிலமலை பஸ்சைப் பிடிக்காம..."

"நீங்க மட்டும் உள்ள வாங்க ஆத்தா. ஒங்ககிட்ட காட்டுறேன்."

"போயி நல்லாப் பாரு!" என்றார் ஜெகதீஷ். "நாளையிலருந்து அவளுக்கு இங்க சோலி கெடையாது."

மூட்டை அறைக் கதவைச் சாத்தியதும் ஒச்சம்மாள் மடியை அவிழ்த்தாள். உள்ளே கேமரா.

"அடிப்பாவி! நீதானா?"

"சத்தம் போடாதீக ஆத்தா. காலையில மொதலாளி இதைக் காய்க் குவியல் மேல வச்சுத்தான் போட்டோ எடுத்தாரு. எடுத்து வைக்க மறந்துட்டாரு போல. இப்பத்தான் கடைசி முறத்துல என் கையில தட்டுச்சு. அதுக்குள்ள அவரு எங்க எல்லாரையும் திருட்டுக் கூட்டம்னுட்டாரு."

"அப்பவே எடுத்து அவரு முன்னால போட வேண்டியதுதான?"

"வேலைக்காரிக அத்தனை பேரு முன்னால மொதலாளி தலை குனியணுமா? யாரும் பாக்காம அலமாரியில வச்சுருங்க ஆத்தா. உதறுனா கீழ விழுந்து ஒடஞ்சிரும்னுதான் பொத்திக்கிட்டு நின்னேன்."

தமிழ்செல்வி கேமராவைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"கெடச்சுதா தமிழு? அந்தத் திருடிகிட்டதான இருந்துச்சு?" வெளியிலிருந்து ஜெகதீஷ் கத்தினார்.

அவள் ஒச்சம்மாளின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். எல்லாரும் பார்க்க, கேமராவைக் காய்க் குவியல் மேல் வைத்தாள்.

"இவங்க எல்லாரும் மடியை உதறிக் காட்டிட்டாங்க. இப்ப நீங்க காட்டுங்க, காலையில குரூப்புல போட்டீங்களே, அந்தப் போட்டோவை."