இருமலுக்கு ஒத்திகை

"ஒருத்தருக்குக்கூடவா இருமல் இல்ல? நல்லா யோசிச்சுப் பாருங்கக்கா!" நர்ஸ் வாசுகி அழாக்குறையாகக் கெஞ்சினாள்.

பீங்கான் பொம்மை செய்யும் அந்தத் தெருவில் அன்று பார்த்து அத்தனை பேரும் கல்லுக்குண்டாட்டம் நின்றார்கள். பொம்மைக்கு வர்ணம் பூசும் பெரியம்மாள், "போன தீவாளிக்கு ஒரு தும்மல் போட்டேன் நர்சம்மா, அது ஆவுமா?" என்று கேட்டாள்.

ஆகாது. விருத்தாசலம் வட்டாரத்தில் மழைக்கால ஃப்ளூ எத்தனை பேரைப் படுத்துகிறது என்று மதிப்பிட வந்திருந்தார் டாக்டர் சக்கரபாணி. சில தெருக்களில் மட்டும் ஆள் எண்ணி, அதை வட்டாரம் முழுமைக்கும் பெருக்குவது அவர் வழக்கம். வீடு வீடாகப் புகுந்து, எல்லாரையும் 'ஆ'வென்று வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். கடைசியில் உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க தெருவுல ஃப்ளூவே இல்லையேம்மா. அ... அ... அச்சூ! இந்தக் களிமண் தூசு எனக்கு ஒத்துக்கறதில்ல. வியாழக்கிழமை இன்னொரு தடவை வரேன். அப்பவும் இப்படியே இருந்தா இந்தக் காய்ச்சல் முகாமைத் திட்டக்குடிக்கு மாத்திட வேண்டியதுதான். நீங்களும் அங்கயே போய்த் தங்கணும்."

வாசுகிக்குப் பகீரென்றது. கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. கணவன் பாரிக்கு இங்கே பீங்கான் சூளையில் வேலை. அவனை விட்டுவிட்டுத் திட்டக்குடியில் போய் ஒண்டியாகக் கிடப்பதா? நாசமாய்ப் போன ஆரோக்கியம்!

ஜீப் தெருமுனை திரும்பியதும் பெரியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, வியாழக்கெழம டாக்டர் வர்றப்ப எல்லாரும் கொஞ்சம் இருமுங்கக்கா. எனக்காக!"

"இவ்ளோதானா? புதுப்பொண்ணு கண்ணு கலங்கலாமா? தெருவையே இரும வச்சிடறேன், நீ போ" என்றாள் பெரியம்மாள்.

பக்கத்தில் நின்ற சூளைக்காரர் கொளஞ்சிநாதன் அப்போதே ஒரு இருமல் இருமிக் காட்டினார். ஆடு செருமியது போலிருந்தது. வாசுகிக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

போதாக்குறைக்கு, மறுநாளே அவளைக் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் போலியோ சொட்டு மருந்து வேலைக்கு, அங்கேயே தங்கும்படி அனுப்பிவிட்டார்கள். ஒரு ஒத்திகை பார்க்கக்கூட வழியில்லை. வியாழக்கிழமை காலை, பழமலைநாதரை வேண்டிக்கொண்டே, டாக்டரின் ஜீப்பிலேயே வந்து இறங்கினாள்.

அடேயப்பா, என்ன நடிப்பு!

கொளஞ்சிநாதன் போர்வையை முக்காடு போட்டுக்கொண்டு விலா எலும்பு தெறிக்க இருமினார். பெரியம்மாள் சிந்திச் சிந்தி மூக்கைத் தக்காளிப் பழமாக்கியிருந்தாள். எதிர்வீட்டுச் சொர்ணாம்பாள், "ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்ல இருக்குதுங்க சார்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

டாக்டர் தெர்மாமீட்டர் வைத்த வாயெல்லாம் காய்ச்சல். வாசுகி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நர்ஸம்மா அழுகிறாள் என்று நினைத்து டாக்டர் ஆறுதல் வேறு சொன்னார்.

பிறகு உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தார். வந்த தொகையைக் கண்டு அவருக்கே வியர்த்துவிட்டது.

"பாதி வட்டாரமே படுத்திருக்கும் போலிருக்கே! முகாம் இங்கதான் இருக்கணும். நீங்க இந்தத் தெருவை விட்டு எங்கயும் நகரக்கூடாது!" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் பறந்தார்.

வாசுகி ஒரே ஓட்டமாக ஓடிப் பெரியம்மாளைக் கட்டிக்கொண்டாள்.

"தெய்வமே! இருமல் சரி, காய்ச்சலை எப்படிக்கா வர வச்சீங்க? அக்குள்ல வெங்காயம் வச்சீங்களா? எடுத்துப் போடுங்கக்கா, அதான் ஜீப்பு போயிடுச்சே!"

"வெங்காயமாவது வெளக்கெண்ணெயாவது, தள்ளி நில்லு கண்ணு! அந்த டாக்டரு மூஞ்சிக்கு நேரா தும்மிட்டுப் போன மறுநாளே தெரு மொத்தமும் படுத்துடுச்சு!"