மூன்றாவது இடைவேளை

கடலைக் கொல்லையில் வெயில் சாய்கிறது. பிடுங்கிப் போட்ட செடிகளைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் காய் ஆய்கிறார்கள். நேற்று செந்துறை டூரிங் கொட்டகையில் வெள்ளைக்காரப் படம் பார்த்துவிட்டு வந்த பச்சையம்மாளுக்கு வாய் ஓயவில்லை. "பாட்டே கெடயாதுடி. பேசறது ஒரு எழவும் புரியல. புருசன் அறையிறான், அவ திருப்பி அறையிறா. அது மட்டும் நல்லா புரிஞ்சுது." சிரிப்பில் கைகள் நிற்கின்றன. பூங்காவனம் மட்டும் சிரிக்கவில்லை. வீங்கிய உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே காயைக் கிள்ளி எறிகிறாள். "அப்புறம் என்னக்கா ஆச்சு?" "பொட்டியத் தூக்கிகிட்டு ரயிலேறிட்டா. வெளக்கு போட்டான். படம் முடிஞ்சுதுன்னு எந்திரிச்சு வந்துட்டோம். பாத்தா, அது ரீலு மாத்தறதுக்கு விட்ட மூணாவது இடைவேளையாம்! நீ போயி முழுசா பாருடி, இன்னைக்கோட கடைசி." பூங்காவனத்தின் புருஷன் சிங்காரவேலு, சுமந்துவந்த செடிக்கட்டைத் தொப்பென்று அவள் முன்னால் போடுகிறான். புழுதி எழும்புகிறது. "என்ன பெரிய படம்? பொழுது சாயறதுக்குள்ள திரும்பி வந்திருப்பா. வேற எங்க போவா?" பச்சையம்மாள் தலையைக் குனிந்துகொள்கிறாள். பூங்காவனம் எழுந்து மடியிலிருந்த மண்ணை உதறுகிறாள். அதில் கொஞ்சம் அவன்மேலும் விழுகிறது. "வந்தாளா இல்லையான்னு பாத்துட்டு வந்து சொல்றேன்."